பத்தாவது ஆள்

ஒன்பது பேர்தான் இருந்தார்கள். யூதப் பெண் மதகுருவான ரபி நோவா லிப்கின் தன்னையும் சேர்த்து மறுபடி எண்ணிப் பார்த்தார். ஒன்பதேதான்.

யூதர்கள் பத்துப் பேர் கூடாமல் இறந்தவருக்கான பிரார்த்தனையைச் சொல்லக்கூடாது. இன்று பெரியவர் கெர்ஷனின் மனைவிக்கு முதல் நினைவு நாள். பத்தாவதாக வரவேண்டியவரின் கார் மினியாபொலிஸ் நகரப் பனியில் எங்கோ புதைந்து கிடந்தது.

நோவா, பழைய டயர் கடையில் ஜெபக்கூடம் நடத்தும் புதுமைக்காரர். மதுக்கடையில் திருச்சபை நடத்தும் புதுமைக்காரர் பாஸ்டர் ட்ரெவர். இரு சபைகளும் மனம்விட்டுப் பேசும் மாலை இன்று டயர் கடையில்.

"ஆள் கொறையுதா ரபி? இதெல்லாம் ஒரு விஷயமா!" ட்ரெவர் மைக்கைப் பிடித்தார். "நம்ம சபையில யாராச்சும் யூதர் இருக்கீங்களா?"

திருச்சபையின் கிதார்க்காரர்கள் மூவர் கண் கலங்கக் கைதூக்கினார்கள். "இன்னிக்கு நாங்க எல்லாருமே யூதர்தான்!"

ஒரே கைதட்டல்.

"இது என்ன ஃபுட்பால் டீமா, சட்டையை மாத்திக்கிட்டு இறங்கறதுக்கு?" நோவாவுக்குக் காது சிவந்தது.

"கோச்சுக்காதீங்க. வீடியோல ஒருத்தரைக் கூப்பிடுவோம்."

நோவாவின் தம்பியைக் கூப்பிட்டார்கள். ட்ரெவரின் ஆட்கள் அவனைத் திருச்சபையின் நேரலையிலேயே இணைத்துவிட்டார்கள். ஊரே பார்க்க, ரபியின் தம்பி யூதருக்கு ஆகாத பன்றி இறைச்சி பீட்சாவைக் கடித்துக்கொண்டிருந்தான். திரையில் தன்னையே பார்த்தான். இணைப்பைத் துண்டித்தான்.

"எத்தனை லைக் பாருங்க ரபி!"

"துக்கத்துக்கு லைக்கா? வெக்கமா இல்ல?"

"ஒரு கூடம் நெறைய ஜெபிக்கத் தயாரா நிக்கறோம். எங்களை மனுஷனாவே எண்ண மாட்டேங்கறீங்களே!"

"மனுஷனா எண்ணறேன் பாஸ்டர், யூதனா எண்ண முடியாது. அம்மா யூதரா இருந்தா பிள்ளை யூதன். கிதாரைத் தூக்கினா ஆயிடாது. உங்க ரத்தத்துலயே இது கெடையாது, உங்களுக்கு எங்க புரியப்போகுது!"

கெர்ஷன் மெல்ல எழுந்து கோட்டை மாட்டினார். "விடும்மா. என் ரிவ்கா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா."

நோவா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கேக் தட்டோடு வந்த ட்ரெவரின் அம்மா லொரெய்ன் தட்டை மேஜையில் வைத்தார். "ஏம்மா ரபி, உங்க கணக்குல பொம்பளைங்களும் சேர்த்தியா?"

"எங்க சபையில சேர்த்திதான்."

"அப்ப கோட்டைக் கழட்டுங்க ஐயா. எங்கம்மா ஃப்ரீடா ரோசன்ப்ளும், யூதப் பொண்ணு. கல்யாணத்துக்காக மறைச்சாங்க, நானும் வாயத் தொறக்கல. என்னோட சேர்த்துப் பத்து. மைக்கைப் பிடிச்சுக்கிட்டு முழிக்கிறானே, அவனோட பதினொண்ணு."