ஆமைக்கு மாவுக்கட்டு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் மகளும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் என்மேல் உள்ள கோபமும் தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

"மண்ணைத் தோண்டுறதுக்கா பொண்ணைப் படிக்க வெச்சேன்? ரெண்டே நாள்ல கூட்டிட்டு வாங்க" என்று நீங்கள் என்னை அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. கூட்டி வரவில்லை. காரணத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். வந்த அன்றே என் மருமகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, மண்ணில் புதைந்து கல்லாகிப்போன ஓர் ஓட்டுத் துண்டைக் காட்டினாள். ஐம்பது லட்சம் வருடத்துக்கு முன் பூண்டோடு அழிந்துபோன ஆமையாம், கார் நீளமாம், கழுத்துக்கு இரண்டு பக்கமும் ஓட்டிலேயே கொம்பாம். நான் நம்பவில்லை. பிறகு அதில் முதலை கடித்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தேன். காயம் தானாகவே ஆறி எலும்பு மூடியிருந்தது. சம்பந்தி, ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருடம் மாவுக்கட்டுப் போட்டவன் நான். டாக்டர், கட்டு, மாத்திரை ஒன்றும் இல்லாமல் இவ்வளவு நேர்த்தியாகச் சேர்ந்த எலும்பை என் சர்வீஸில் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

இந்த முறை முழு ஓடே கிடைத்திருக்கிறது. அது உடையாமல் மியூசியம் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த வருடமும் அவளுக்கு இந்த வேலை. மண்ணிலிருந்து பெயர்க்கும்முன் அதற்கும் மாவுக்கட்டுதான் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்களோடு லாரி பிடிக்கக் கிளம்பியவள், "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க மாமா" என்றாள். "எலும்பைப் பத்தி எனக்கே பாடமா? நீ போயிட்டு வாம்மா" என்றேன். ஆற்றங்கரைக் குழியில் இறங்கி, ஈரத்துணி சுற்றி, ஒன்பது மூட்டை மாவு கரைத்து, இரண்டே நாளில் கட்டி முடித்துவிட்டேன். கைப்பழக்கத்தில் மேலே 'நனைக்கக் கூடாது, விரல் நீலமானால் உடனே வரவும்' என்று எழுதியும் வைத்தேன்.

உள்ளங்கை அகல மண்ணைத் தூரிகையால் தள்ள அவள் ஒரு நாள் முழுக்க மண்டியிடுகிறாள். நீங்கள் பெற்றது சாதாரணப் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து இழுத்துப்போவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வரவேண்டாம். அவளுக்குப் பக்கபலமாக நான் இருக்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்கட்டும், மனசு சீக்கிரம் இளகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும்முன் அவள் வந்துவிட்டாள். நான் கட்டுப் போட்டது வெறும் பாறைக்கு. பக்கத்தில் வெயில் படாமல் சாக்குப் போட்டு மூடியிருந்த மேடுதான் ஆமையாம். இரண்டு நாளும் அதன்மேல் உட்கார்ந்துதான் மாவு கரைத்தேன். ஒரு கீறல்கூட விழவில்லை, என்ன ஓடு சம்பந்தி அது! உங்கள் மகள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "ஆமை எங்கயும் ஓடிடலையே மாமா, நாளைக்குப் போட்டுக்கலாம்" என்கிறாள். எனக்குத்தான் அவள் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். கூட்டிக்கொண்டு போகவேண்டியது என்னைத்தான்.