ஏழாவது கட்டத்தின் கதை

பொதுமக்களின் காதில் எந்தச் சத்தம் விழுவதாக இருந்தாலும், அது முறைப்படி விண்ணப்பித்து, அனுமதி பெற்று, அதன்பிறகே விழ வேண்டும் என்பது நகரக் கலையரங்க அலுவலகத்தின் கொள்கை. அதற்காகவே படிவம் பதினான்கு இருந்தது. ஆறு கட்டங்களோடு சிவனே என்று கிடந்த அந்தப் படிவத்தில் பத்து வருஷத்துக்கு முன் ஏழாவதாக ஒரு கட்டத்தைச் சேர்த்தவர் தலைமை எழுத்தர். 'நிகழ்ச்சியின் வகை, உள்வகை மற்றும் உள்வகையின் உட்பிரிவு' என்பது அதன் தலைப்பு. இந்தச் சேவைக்காக அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கிடைத்தது. அதைச் சட்டம் போட்டு, வீட்டில் கல்யாணப் போட்டோவுக்கு ஒரு சாண் மேலே மாட்டியிருந்தார். அவர் மனைவி அதுபற்றி எதுவும் சொன்னதில்லை. தூசி தட்டும்போது மட்டும் அதை விட்டுவிடுவார்.

ஏழாவது கட்டத்தால் அதுவரை யாருக்கும் தொல்லை வந்ததில்லை. நாடகக்காரர்கள் 'நாடகம், சமூகம், சோகம்' என்று எழுதினார்கள். மேஜிக் செய்பவர் 'மேஜிக், சாதா, முயல் உண்டு' என்று எழுதினார். தொல்லை தலைமை எழுத்தரின் கூடப்பிறந்த தங்கை ரூபத்தில் வந்தது.

தங்கை நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வேலை நேரம் போக, ஆறு வருஷமாகப் பணிமனைக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கில் டிரம்ஸ் அடித்து வந்தாள். கூடக் கிட்டார் வாசித்தவர் ஒரு பல் டாக்டர். பாடியவர் ஒரு கணக்கு வாத்தியார். வகுப்பில் அவர் பேசுவது இரண்டாவது பெஞ்சைத் தாண்டாது. மைக் முன்னால் நின்றால் மட்டும் அவருடைய அடிவயிற்றிலிருந்து வேறு யாரோ பேசுவார்கள். மூவரும் வாசித்தது ஹெவி மெட்டல் என்ற, காதைப் பிளக்கும் மேல்நாட்டு ராக் சங்கீதம். கலையரங்கம் மராமத்துக்காக இரண்டு வருஷம் மூடப்பட இருந்தது. மூடுவதற்கு முந்தைய கடைசிச் சனிக்கிழமை மட்டும் காலியாக இருந்தது. மூவரும் விண்ணப்பத்தோடு தலைமை எழுத்தரிடம் வந்தார்கள்.

"இந்த ஒரு நாள் கிடைச்சா போதும்ணா. ஆறு வருஷமா நாங்களே வாசிச்சு நாங்களே கேட்டுக்கிட்டிருக்கோம்" என்றாள் தங்கை.

தலைமை எழுத்தருக்குத் தங்கை என்றால் உயிர். ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"வகை, ஹெவி மெட்டல். சரி. உள்வகை?"

"த்ராஷ்" என்றார் பல் டாக்டர்.

"க்ரூவ்" என்றாள் தங்கை அதே நேரத்தில்.

கணக்கு வாத்தியாரும் ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டு பதிலுக்கு ஒரு கட்டத்தில் இடம் கிடையாது. கோப்பு மேலே போனது. துணை இயக்குநர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, 'ஹெவி மெட்டல் எதுவென வரையறுத்து, அதன் கிளைகளை எண்ணி, அறிக்கை அளிக்கும் குழு' ஒன்றை அமைத்தார். தானே தலைவரானார். தலைமை எழுத்தர் செயலாளர். வல்லுநர்களாக, ஊரில் இந்தச் சங்கீதத்தைக் கரைத்துக் குடித்த இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். ஒருவரை எல்லோரும் நீளமுடி என்பார்கள், இன்னொருவரைத் தாடி என்பார்கள். ஹெவி மெட்டலில் கீபோர்டு இருக்கலாமா கூடாதா என்ற கேள்வியில் இருவரும் பேச்சை விட்டுப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

முதல் கூட்டத்தில் தங்கை எழுந்து நின்றாள்.

"சார், ஒரே ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டறோம். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க."

துணை இயக்குநர் திடுக்கிட்டார். "அனுமதி வாங்காம வாசிச்சா அது குற்றம்மா. ஒரு அரசுக் குழு உக்காந்து குற்றத்தைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா?"

இது நியாயமாகவே பட்டது. ஆகவே, பாட்டு எதையும் கேட்காமல் முழுக்க முழுக்க ஆவணங்களை வைத்தே முடிவெடுப்பதென்று குழு தீர்மானித்தது. கேட்பதாக இருந்தால் அபிப்பிராயம் வந்துவிடும் அபாயமும் இருந்தது.

"வேகமா போனா த்ராஷ்" என்றார் நீளமுடி.

"மெதுவா போனா டூம்" என்றார் தாடி, சுவரைப் பார்த்து.

"நடுத்தர வேகத்துல போனா?" என்று கேட்டார் துணை இயக்குநர்.

"அது மெட்டலே இல்ல" என்று இருவரும் சேர்ந்தாற்போல் சொன்னார்கள். பதினோரு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை. நடவடிக்கைக் குறிப்பில் இது அடிக்கோடிட்டுப் பதிவாயிற்று. தங்கை சொன்ன க்ரூவும் அவள் ஓட்டும் பேருந்தும் நடுத்தர வேகத்தில்தான் போகும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்றாம் கூட்டத்தில் தங்கையின் இசைக்குழுவின் பெயர் எழுதிய தாள் மேஜைக்கு வந்தது. இந்தச் சங்கீதத்தில் பெயரைச் சும்மா எழுத மாட்டார்கள். காய்ந்த வேர்களைக் கொட்டி வைத்தது மாதிரி எழுதுவார்கள். தலைமை எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எது தலை எது கால் என்று பிடிபடவில்லை.

"இது நல்ல அத்தாட்சி" என்றார் நீளமுடி. "படிக்கவே முடியலன்னா ப்ளாக் மெட்டல். கஷ்டப்பட்டுப் படிக்க முடிஞ்சா டெத் மெட்டல். சுலபமா படிச்சுட்டா வெறும் வியாபாரம்."

துணை இயக்குநர் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று எழுத்தைப் படித்துவிட்டார். தாடி பலமாக ஆட்சேபித்தார். தாளும் துணை இயக்குநரும் கண் டாக்டரிடம் அனுப்பப்பட்டார்கள். நான்கு நாள் கழித்துச் சான்றிதழ் வந்தது. 'மேற்படி தாளில் உள்ளது, கண்ணாடி இல்லாமல் பார்த்தால் ப்ளாக் மெட்டல். கண்ணாடியுடன் பார்த்தால் டெத் மெட்டல். துணை இயக்குநருக்கு இடது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது.'

கடைசியில் அறிக்கை தயாரானபோது ஹெவி மெட்டலுக்கு நாற்பத்தோரு கிளைகள் இருந்தன. அவற்றில் இருபத்தேழு, மற்ற பதினான்கால் போலி என்று அறிவிக்கப்பட்டவை. தங்கையின் குழு நாற்பத்தொன்றிலும் சேரவில்லை. சனிக்கிழமைக்கு ஒரு நாள் பாக்கி இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தங்கை சீருடையோடு, பல் டாக்டரையும் கூட்டிக்கொண்டு, தலைமை எழுத்தரின் மேஜைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணா, இந்த ஏழாவது கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்துல 'இதர'ன்னு ஒண்ணு இருக்கே. அதைப் போட்டா என்ன?"

தலைமை எழுத்தர் பதறிப் போனார். "அது போடறதுக்கு இல்லம்மா. படிவம்னா அப்படி ஒண்ணு இருக்கணும், அவ்வளவுதான். பத்து வருஷத்துல ஒருத்தர்கூடத் தொட்டதில்ல."

"உனக்கு நான் பெருசா, கட்டம் பெருசா?"

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் நேருக்கு நேர் கேட்டதில்லை. மனைவிகூடக் கேட்டதில்லை. விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவை எடுத்து, 'இதர'வுக்கு எதிரே ஒரு டிக் அடித்தார். பழக்கமில்லாத இடம் என்பதால் டிக் பக்கத்துக் கட்டம் வரைக்கும் போய்விட்டது.

"ஆறு வருஷம் உயிரைக் கொடுத்து வாசிச்சது இதரன்னு பேர் வாங்கவா?" என்று பல் டாக்டர் குதித்தார். தங்கை அவர் காலை மிதித்தாள். ஓட்டுநர் பூட்ஸ். டாக்டர் அடங்கினார். 'இதர'வுக்கு வரையறை எதுவும் தேவைப்படாததால், சாயங்காலமே அனுமதி வந்துவிட்டது.

மூடுவதற்கு முன் கடைசி நிகழ்ச்சி என்பதால், சனிக்கிழமை சாயங்காலம் அரங்கம் நிரம்பி வழிந்தது. அறிக்கை தயாரித்த குழு மொத்தமும் முன்வரிசையில் இருந்தது. தங்கை முதல் அடி அடித்ததும் தலைமை எழுத்தருடைய நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. இரண்டாவது பாட்டில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இவளா ஒரு காலத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு ரோடு தாண்டினவள் என்று நினைத்தார். துணை இயக்குநர் எல்லோருக்கும் முன்பாகத் தலையை ஆட்டினார். நீளமுடியும் தாடியும் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். ஒன்றரை மணி நேரம், அங்கே வகை என்று ஒன்று இருப்பதாக யாருக்கும் ஞாபகமே இல்லை.

முடிந்ததும் தலைமை எழுத்தர் மேடைக்குப் பின்னால் ஓடினார். தங்கை வேர்வையில் குளித்திருந்தாள். பல் டாக்டரும் வாத்தியாரும் அவளைத் தூக்காத குறையாகச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்மா. வாழ்க்கையில நான் இப்படி ஒண்ணு கேட்டதே இல்ல." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் பதினாறு கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதியவர். "மூணாவது பாட்டு மட்டும் த்ராஷ் இல்லையே?"

"அதைத்தான் ஆறு வருஷமா சொல்றேன், அது க்ரூவ்னு" என்றாள் தங்கை, பல் டாக்டர் பக்கம் திரும்பி.

பல் டாக்டர் கிட்டாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினார்.

திங்கட்கிழமை காலை தலைமை எழுத்தரின் மேஜையில் இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. ஒன்று தங்கையின் க்ரூவ் குழுவுக்கு, ஒன்று பல் டாக்டரின் த்ராஷ் குழுவுக்கு. இரண்டிலும் பாடகர் என்ற இடத்தில் கணக்கு வாத்தியாரின் பெயர் இருந்தது. அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வெளியே அரங்கத்து வாசலில் பலகை அடித்து, இரண்டு வருஷத்துக்குப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

தலைமை எழுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் சரிபார்த்தார். வகை, உள்வகை, உட்பிரிவு. பதினாறு கூட்டங்களுக்குப் பிறகு, இரண்டிலும் ஏழாவது கட்டம் பிழையில்லாமல் நிரப்பப்பட்டிருந்தது.