லோரிக்குக் காவல் வைத்த ரவிச்சந்திரன்

தன் லோரியின் ஓட்டுநர் இருக்கையில் தன்னைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது என்று ரவிச்சந்திரன் முடிவு கட்டிவிட்டார். திருடனும் கூடாது, புனிதாவும் கூடாது.

திருடன் விஷயம் ஊரறிந்தது. ரந்தாவ் வட்டாரத்தில் நிறுத்தி வைத்த லோரியில் டீசலை உறிஞ்சுகிறார்கள். பேட்டரியைக் கழற்றுகிறார்கள். துணிச்சல் முற்றியவர்கள் ஆளைக் கீழே இறக்கிவிட்டு, செம்பனைக் குலையோடு வண்டியையே ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

புனிதா விஷயத்தைத்தான் வெளியே சொல்ல முடியவில்லை. தையல் படிக்க ராசா டவுனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று போய்வந்த மனைவி, கடைசியில் லோரி லைசென்ஸோடு வந்து நின்றாள். பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பழகிய கை. "வாரத்துல பாதி நாளு நான் ஓட்டுறேங்க, உங்க முதுகுவலிக்கும் நல்லது" என்று அன்பாகத்தான் கேட்டாள். ரவிச்சந்திரன் காதில் விழாததுபோல் லோரியைக் கழுவப் போனார். வீட்டில் குழம்புக்கு உப்பு முதல் டிவி ரிமோட் வரை அவள் ஆட்சி. அவர் பேச்சு எடுபடுகிற ஒரே இடம் அந்த இருக்கை. அங்கே உட்கார்ந்து ஹாரன் அடித்தால் மாடுகூட மரியாதையாக ஒதுங்கும். அதுவும் போய்விட்டால் மனிதன் எங்கே போய் முதலாளியாக இருப்பது?

சிரம்பானில் ஒரு கடையில் ஸ்மார்ட் அலாரம் பொருத்தினார். பொருத்திய பையன் விளக்கினான். வண்டியை யாராவது அசைத்தால் கத்தும். குலையை மூடிய வலையைத் தொட்டால் கத்தும். ஓட்டுநரை யாராவது மிரட்டினால் அமுக்க ஒரு பொத்தான். கேமரா முகத்தையும் கண்ணையும் பார்க்கும், தெரியாத முகமென்றால் இன்ஜின் கிளம்பாது.

"அப்போ என் மூஞ்சி மட்டும்தான் அதுக்குத் தெரியும்?"

"நீங்க பதியிற மூஞ்சி மட்டுந்தான் அங்கிள். அப்புறம், ஒரு ஆபத்துன்னா அது கேட்டுக்க, உடனே ஃபோன் எடுக்குற ஆளு நம்பர் ஒண்ணு வேணும்."

ரவிச்சந்திரன் யோசித்தார். பக்கத்து வீட்டு லோரிக்காரர் முருகையா ஃபோன் எடுப்பது தீபாவளிக்குத் தீபாவளி. புனிதாவோ மணி அடிப்பதற்கு முன்பே எடுப்பவள். வேறு வழியில்லாமல் அவள் நம்பரைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கைப்பேசியில் பதிவு செய்ய உட்கார்ந்தால் ஒன்றும் பிடிபடவில்லை. எதைத் தொட்டாலும் வேறு எதுவோ திறந்தது. கடைசியில் கைப்பேசி புனிதாவின் கைக்குப் போனது. அவர் முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்தாள்.

"என்னாங்க, ரெண்டாவது ஓட்டுநர் யாருன்னு கேக்குது."

"அதெல்லாம் வேணாம்லா."

"சரி விடுங்க, நான் பாத்துக்கிறேன்."

கைப்பேசியைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள். கண்ணாடி பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து ரவிச்சந்திரன் நுரை தள்ளிய தே தாரிக் தேநீரை உறிஞ்சினார்.

சில நாள் நிம்மதியாகப் போனது. அந்த நிம்மதி தலைக்கேறியதுதான் தப்பு. ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்தபோது முருகையாவிடம் வாயை விட்டார்.

"திருடனுக்குன்னு நெனச்சியா? எல்லாம் என் வீட்டுக்காரிக்குத்தான்லா! இனிமே ஸ்டீயரிங்க தொடட்டும் பாப்போம்!"

முருகையா அதைத் தன் மனைவி விமலாவிடம் சொல்ல, விமலா துணி காயப்போடும்போது வேலிக்கு மேலாகப் புனிதாவிடம் சொன்னாள். புனிதா சிரித்ததோடு சரி. அன்று ரவிச்சந்திரனுக்கு ரசத்தில்கூட ஒரு குறையும் இல்லை. அதிலேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் செம்பனை எண்ணெய் ஆலை வாசலில் லோரிகள் நீண்ட வரிசையில் நின்றன. காய்ப்பு அதிகமான மாதம். இந்த மாதிரி நாளில் எல்லா ஓட்டுநர்களும் செய்கிற வேலைதான்: இன்ஜினை ஓடவிட்டு, முகத்துக்கு நேரே ஏர்கோனைத் திருப்பிவிட்டு, கண்ணை மூடுவது. வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்து எழுப்புவான். வழிவழியாக வந்த ஏற்பாடு அது.

அலாரத்துக்கு அந்த ஏற்பாடு தெரியாது. இன்ஜின் ஓடுகிறது, ஓட்டுநர் கண் மூடியிருக்கிறது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சைரன் அலறியது. இருக்கை அதிர்ந்தது. ரவிச்சந்திரன் கூரையில் தலை இடித்துக்கொண்டு எழுந்தபோது இன்ஜின் நின்றிருந்தது. திரையில் மலாயில் எழுத்து: களைத்த ஓட்டுநர் இன்று வண்டி எடுக்க முடியாது, மாற்று ஓட்டுநர் முகத்தைக் காட்டவும்.

முன்னால் வரிசை நகர்ந்தது. பின்னால் முருகையா ஹாரனை விடாமல் அமுக்கினார். இன்றைக்குள் இறக்காவிட்டால் குலை கெட்டுவிடும், தோட்டத்து மானேஜர் அடுத்த லோடை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அலாரம் பொருத்திய கடைக்கு ஃபோன் போட்டார்.

"ரெண்டாவது ஓட்டுநரக் கூப்பிடுங்க அங்கிள்."

"எனக்கு ரெண்டாவது ஓட்டுநரே கெடையாதுலா!"

"இருக்காங்களே. படங்கூட அழகா விழுந்திருக்கு."

அதற்குள் புனிதாவின் மோட்டார் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். மோட்டாரை முருகையாவிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். ஏறி உட்கார்ந்து கேமராவைப் பார்த்தாள். இன்ஜின் மறுபேச்சில்லாமல் கிளம்பியது. ரவிச்சந்திரன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறினார்.

"இத்தனை நாளாத் தூங்குறேன், ஒண்ணும் கத்தல. இன்னிக்கு மட்டும் எப்படி?"

"நீங்க குடுத்தது என் நம்பராச்சே, ஓட்டுநர் தூங்குறாரான்னு தெனம் என் ஃபோன்ல கேக்கும். வரிசையிலதானே நிக்கிறாருன்னு நானும் 'இல்ல'ன்னு அமுக்கிக்கிட்டு இருந்தேன்."

"இன்னிக்கு?"

"எத்தனை நாளைக்குங்க பொய் சொல்றது? மிஷினு பாவம், நம்பிக் கேக்குது. 'ஆமா'ன்னு அமுக்கிட்டேன்."

லோரி எடைப்பாலத்தில் பூப்போல ஏறி நின்றது. அவர் ஏற்றினால் எப்போதும் ஒரு குலுங்கு குலுங்கும். காவலாளி புனிதாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். ரவிச்சந்திரனுக்கு உள்ளே எரிந்தது.

"நாளைக்கே அந்தச் சனியனக் கழட்டி எறியிறேன்."

"எறிங்க. இந்த அலாரம் இல்லாத லோரிய தோட்டத்துக்குள்ளயே விடக் கூடாதுன்னு மானேஜருகிட்ட போயிச் சொன்னது யாரு?"

அவர்தான். முருகையாவின் வண்டியை மட்டம் தட்டுவதற்காகப் போன வாரம் சொன்னது. மானேஜரும் நாளையிலிருந்து அதையே சட்டமாக்கிவிட்டார்.

"நாளைக்கும் அது கேட்டா 'ஆமா'ன்னுதான் அமுக்குவியா? அப்போ நான் என்னா செய்யிறது?" ரவிச்சந்திரன் மடியிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்துக் கேட்டார்.

புனிதா கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள்.

"இப்படியே பக்கத்துல உக்காந்து நிம்மதியாத் தூங்குங்க. திருடன் வந்தா எழுப்புறேன்."