பவளமணிக்கு வந்த பணம்

ஆறாயிரம் வெள்ளிப் பணம் போனதற்குப் பவளமணி அழவில்லை. வங்கி அதிகாரிபோல் ஏமாற்றிப் பேசியவனிடம் ரகசிய எண்ணைச் சொன்னது தன் வாய். அந்த வாயாலேயே பணத்தைத் திரும்ப வாங்கிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

வங்கியின் ஈப்போ கிளையில் இருந்த பெண் தயங்கினாள். "நம்பரை நீங்களே கொடுத்திருக்கீங்க ஆன்ட்டி. புகார் விசாரணையில இருக்கு. திரும்பக் கிடைக்கும்னு உறுதி சொல்ல முடியாது."

"பரவாயில்ல. கிடைக்கிற வரைக்கும் வர்றேன் லா."

தினமும் போனாள். காவலாளியே அவளைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"விட்டுத் தொலையேன்," என்றார் கணவர் ஆரோக்கியம்.

விடுவாளா? நடந்ததையெல்லாம் தன் கைப்பேசி எண்ணோடு ஃபேஸ்புக்கில் போட்டாள். மறுநாளே அழைப்பு.

"பேங்க் புகார்ப் பிரிவு மேடம். உங்க பணம் ரெடி. கணக்கு எண் மட்டும் சொல்லுங்க."

"ரகசிய எண்?"

"ஐயோ, அதை நாங்க கேக்கவே மாட்டோம்!"

கணக்கு எண்ணை வைத்து எவனும் பணம் எடுக்க முடியாதே. சொன்னாள். மாலைக்குள் பணம் வந்தது, பன்னிரண்டாயிரமாக!

மறுபடியும் அவனே அழைத்தான். "தவறுதலா டபுளா வந்திடுச்சு மேடம். ஆறாயிரத்தை நான் சொல்ற கணக்குக்கு அனுப்பிடுங்க."

"எழுத்துல கொடு."

"மேடம், என் வேலை போயிடும்!"

"என்னை எத்தன நாள் அலைய விட்டீங்க? உன் புகார் விசாரணையில இருக்குன்னு வச்சுக்கோ!"

அவன் கெஞ்சினான், மிரட்டினான், கடைசியில் கெட்ட வார்த்தையில் இறங்கினான். பவளமணி அதே கெட்ட வார்த்தையைத் திருத்தமான உச்சரிப்பில் திருப்பிச் சொல்லிவிட்டு, போனை வைத்தாள்.

"பார்த்தீங்களா? பேங்க்கையே கெஞ்ச வச்சுட்டேன்!" என்று கணவருக்குக் கோழி பிரட்டல் செய்து போட்டாள்.

இரண்டு நாள் கழித்து வாசலில் போலீஸ் வண்டி நின்றது. மலாய்க்காரப் பெண் போலீஸ் ஒருத்தியும், அழுது சிவந்த கண்களோடு ஒரு சீன மூதாட்டியும் இறங்கினார்கள்.

"பவளமணி நீங்கதானே அக்கா? இவங்க திருமதி லாவ். தைப்பிங்லேருந்து வந்திருக்காங்க," என்றாள் பெண் போலீஸ் மலாயில்.

"பேங்க்லேருந்தா?" என்றாள் பவளமணி, இடுப்பில் கைவைத்து. "வந்த பணத்துல ஒரு காசு தரமாட்டேன்!"

மூதாட்டி பெண் போலீஸின் கையைப் பற்றிக்கொண்டு மலாயிலேயே கதறினாள்.

"இவதான், இவதான்! திருடன் கைக்குப் போகாம இருக்க என் பன்னிரண்டாயிரத்தைப் பேங்க்கோட பாதுகாப்புக் கணக்குல போடச் சொன்னான், பேங்க் ஆளுன்னு போன்ல பேசின ஒருத்தன். இவ கணக்கு எண்ணைத்தான் கொடுத்தான்!"