ருக்குமணி வீட்டு வாசலைத் தாண்டி ஓடியது

நாமக்கல் பக்கம் அறுபது தாண்டிய ஒருவர் சாலையில் ஓடினால் இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும்: நாய் துரத்துகிறது, அல்லது பஸ் கிளம்பிவிட்டது. கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு நான் மோகனூர் சாலையில் ஓடத் தொடங்கியபோது, முட்டை ஏற்றிப் போகும் வண்டிகள்கூட என் பக்கத்தில் வந்து வேகம் குறைத்தன. "ஏனுங் சார், ஏதாச்சும் அவசரமுங்களா? ஏறுங்க, கொண்டுபோய் உடறேன்" என்பார்கள். உடம்புக்காக ஓடுகிறேன் என்றால், உடம்புக்கு என்னவோ என்று பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இந்த அவமானத்தையெல்லாம் துடைக்க, வெளிநாட்டில் ஓடி ஒரு மெடல் வாங்குவது என்று தீர்மானித்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் நாற்பதாவது திருமண நாள் வந்தது. "அம்மாவ எங்கயாச்சும் வெளிநாடு கூட்டிட்டுப் போங்கப்பா" என்றான் மகன். மிகுந்த பாசத்துடன் பினாங்கைத் தேர்ந்தெடுத்தேன். (அந்த வாரம் அங்கே இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம் இருந்தது.)

என் மனைவி வசந்தாவுக்கு ஓட்டத்தைப் பற்றி அக்கறையில்லை. "பினாங்குங்களா? ருக்கு அங்கதானுங்க இருக்கா!" என்றாள். ருக்குமணி, ராசிபுரத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். மலேசியாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பின் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. வசந்தா பார்க்க ஆசைப்பட்ட ஒரே இடம் அந்த வீடுதான்.

என் திட்டத்தில் அதற்கு இடமில்லை. போய் இறங்கியதும் ஓய்வு. மறுநாள் காரமில்லாத சாப்பாடு, மறுபடியும் ஓய்வு. அடுத்த நாள் காலையில் ஓட்டம், மாலையில் விமானம். கடலைக்கூட ஓட்டல் ஜன்னல் வழியாகத்தான் காட்டினேன்.

"தூங்கறதுக்கு இவ்வளவு தூரம் வரோணுமுங்களா? நம்ம ஊட்லயே தூங்கியிருக்கலாம்" என்றாள்.

ருக்குமணி வீடு தீவின் அந்தக் கோடியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பார்த்துச் சொல்லவில்லை. ஓடும் பாதையில் எங்கே மேடு, எங்கே தண்ணீர் தருவார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த முகவரியை மட்டும் ஒருமுறைகூடத் தேடவில்லை. அன்று வசந்தா போனில் பேசியது காதில் விழுந்தது. "அவங்களுக்குக் கால்வலி புள்ள, நடக்கவே முடியல. அதான் வர முடியல." என் மானத்தைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய். அதையும் வசதியாக எடுத்துக்கொண்டு காலை நீட்டிப் படுத்தேன்.

ஓட்டத்தன்று, முடிவுக் கோட்டருகே துண்டும் வாழைப்பழமுமாகக் காத்திருக்கும்படி அவளுக்கு உத்தரவிட்டுக் கிளம்பினேன். நான் போனதும் அவள் ஊருக்குப் போவதைச் சொல்ல ருக்குமணிக்குப் போன் செய்திருக்கிறாள். ஓட்டல் பெயரைக் கேட்டதும் அந்தம்மா சிரித்துவிட்டதாம். வீடு பின்னாலேயே இரண்டு தெரு தள்ளி. உடனே நடந்தே வந்து அழைத்துப் போய்விட்டாள்.

இது தெரியாமல் நான் ஓடிக்கொண்டிருந்தேன். முதலில் பறந்தேன் (என் கணிப்பில்). பிறகு எல்லோரும் என்னைத் தாண்டினார்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் தாண்டினாள். அவளுக்குப் பின்னால் கோழி வேடமிட்ட ஓர் ஆள். கோழிப்பண்ணைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவனைப் பார்த்து அந்தக் கோழி இறக்கையை ஆட்டி விடைபெற்றுக்கொண்டது.

அந்த நிலையில்தான் ஒரு வீட்டு வாசலில் இரண்டு புடவைகள் தெரிந்தன. ஒன்று வசந்தாவுடையது. என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நின்றிருக்க வேண்டும். நான் அவளை அறியாதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினேன். மெடல் இன்னும் கைக்கெட்டும் என்று நினைப்பு.

பின்னால் குரல்கள் கேட்டன.

"ஏ புள்ள, அங்க ஓடறது உங்கூட்டுக்காரராட்ட இருக்குதே?"

"இல்ல ருக்கு. அவரு இத்தன மெதுவா ஓட மாட்டாரு."

ருக்குமணி நம்பவில்லை. முழங்கால் வலியோடு கைத்தடி ஊன்றி நடந்து வந்தே என்னை எட்டிப் பிடித்துவிட்டாள்.

"ஏனுங்ண்ணா! ஊட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராமப் போறதுங்களா? நாங்க என்ன குத்தம் பண்ணிட்டோம்?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. உயிருக்குப் பயந்து ஓடுகிறவனும் திரும்பித்தான் ஆக வேண்டும். திரும்பினேன்.

"நடக்கவே முடியலன்னு வசந்தா சொன்னாளே?"

"நடக்கத்தானுங்க முடியல" என்றேன். "ஓடிக்கறேன்."

வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

தண்ணீர் மட்டும் போதும் என்று உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தவனைச் சோறு போடாமல் அனுப்ப எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. சுடச்சுட அரிசியும் பருப்புஞ்சோறு, மேலே நெய். காரமில்லாமல் காய்ந்து கிடந்த நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. சாப்பிட்டு, சட்டையில் நெஞ்சருகே குத்திய பந்தய எண்ணோடு நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.

விழித்தபோது சாலையில் கார்கள் போய்க்கொண்டிருந்தன. பந்தயம் முடிந்திருந்தது. உள்ளே வசந்தா யாரோ ஒரு டீச்சரைப் போலப் பேசிக் காட்ட, ருக்குமணி மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். வசந்தாவுக்கு அப்படிப் பேசிக் காட்ட வரும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த வருடம் ருக்குமணி காலமான செய்தி வந்தது. "அன்னைக்காச்சும் பார்த்தனே" என்றாள் வசந்தா. என் திட்டம் பலித்திருந்தால் அதுவும் நடந்திருக்காது.

இப்போதும் வீட்டில் நாலு பேர் கூடினால் இந்தக் கதை வந்துவிடும். கடைக்குப் போன நான் திரும்ப நேரமானால், "தாத்தா இத்தன மெதுவா ஓட மாட்டாரே" என்பாள் பேத்தி. வசந்தா கோழியைச் சொல்வாள், கைத்தடியைச் சொல்வாள், நான் வாயைப் பிளந்து தூங்கியதைச் சொல்வாள். வாசலைத் தாண்டி ஓடிய இடம் வரும்போது மட்டும், "கண்ணாடி போடாம ஓடுனாரு, பாவம், எங்களத் தெரியல" என்று சொல்லிக் கடந்துவிடுவாள்.

நான் கண்ணாடி போட்டிருந்தேன்.