மூன்று பெட்டிக்கு மூன்று லாரி

பிள்ளைகளே, உங்கள் அப்பாவுக்கு எண்ணத் தெரியாது. வெளியார் சொல்லி நீங்கள் கேட்பதற்குள் நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ. பிளஸ் டூவும் ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பும் முடித்திருந்த என்னை, ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் 'கம்ப்யூட்டர்காரர்' என்பார்கள். (ஃபேன் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.) பேக்கிங் குடோன் அவிநாசிபாளையத்தில். அங்கே கட்டி முடிக்கும் அட்டைப்பெட்டிகளை எண்ண முதலாளி ஒரு கருவி வாங்கினார். அது டெலிபோன் லைனில் அனுப்பும் எண்ணை ஆபீஸ் கம்ப்யூட்டரில் காட்டும் புரோகிராமை நான் எழுதினேன். ஆபீசில் இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தேன். அனுப்பிய எண் அப்படியே வந்தது. அன்று என் கால் தரையில் படவில்லை.

வெளிநாட்டுக்கு எழுநூற்று அறுபது பெட்டி போக வேண்டிய வாரம் அது. கருவியை இணைத்த முதல் நாள், காலை பத்து மணிக்குத் திரையில் 768 என்று வந்தது.

"ராத்திரி ஷிப்டுலயே முடிச்சுப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க தம்பி. எட்டுப் பொட்டி சேர்த்தியே கட்டியிருக்காங்க." முதலாளிக்கு வாயெல்லாம் பல். மூன்று லாரிக்குச் சொல்லிவிட்டு, பேக்கிங் சூப்பர்வைசர் செல்விக்குப் போன் போட்டார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பெண்.

"மூணு பொட்டிதான் சார் முடிஞ்சிருக்கு."

முதலாளி என்னைப் பார்த்தார். அந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. "அப்ப மிச்சப் பொட்டியெல்லாம் எங்க போச்சுங்கம்மா? கணக்கு நேராகலீன்னா நாளைக்கு நீங்க வேலைக்கு வர வேண்டியதில்லீங்க." (எங்கள் ஊரில் கோபத்திலும் 'ங்க' விட்டுப்போகாது.)

முன்னால் காரில் நாங்கள், பின்னால் மூன்று லாரிகள். குடோனில் பனியன்கள் இஸ்திரி போடாமல் மலையாகக் கிடந்தன. நடுவே மூன்று பெட்டிகள். செல்வியின் கண்கள் அழுது சிவந்திருந்தன. குரல் மட்டும் உடையவில்லை.

"எண்ணுங்க சார். ஒண்ணு, ரெண்டு, மூணு. மிச்சம் எழுநூத்து அறுவத்தஞ்சையும் எங்கன வச்சேன்னு உங்க கம்ப்யூட்டர்கிட்டயே கேளுங்க."

லாரி டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, ஆளுக்கு ஒண்ணா ஏத்திக்கிறதுங்களா?"

பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று காத்திருந்தேன். (அவிநாசிபாளையத்துப் பூமி ரொம்பக் கெட்டி.) "என் தப்புங்க" என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு யுகம் ஆனது.

தப்பு இதுதான். அந்தக் கருவி ஒவ்வொரு எண்ணையும் பைட் என்கிற இரண்டு துண்டாக்கி, பெரிய துண்டை முதலில் அனுப்பியது. எங்கள் கம்ப்யூட்டரோ முதலில் வருவதைச் சின்னத் துண்டு என்று எடுத்துக்கொள்ளும் ரகம். பெரிய துண்டில் ஒன்று என்றால் அது இருநூற்று ஐம்பத்தாறுக்குச் சமம். ஆகவே சின்னத் துண்டில் வந்த எண் பெரிய துண்டாகிவிட, இரண்டு 512 ஆனது, மூன்று 768 ஆனது. வரிசையைத் திருப்பிப் போட நான் ஒரே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். ஆபீசில் இரண்டும் ஒரே ரகம் என்பதால் சோதனையில் அது தெரியவே இல்லை.

முதலாளி செல்வியிடம், "தப்பாப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்றார். பிறகு என்னிடம், "கண்ணு, ஒரு மாசம் இங்கயே பொட்டிக்கு டேப் ஒட்டு. எத்தனைன்னு இவங்க சொல்லட்டும், நீ எழுதிக்க."

ஒட்டினேன். எண்களைத் தவிர அவள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ஒரு பெண்ணுக்குத் திருட்டுப் பட்டம் கட்டப் பார்த்தவன் என்ற நினைப்பு என்னை விடவில்லை. நான்காம் வாரம் பைட் கதையை விளக்கிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"எத்தனை தடவை கேப்பீய?"

"ஒரு தடவைதாங்க."

"உங்க கணக்குல அது இருநூத்து அம்பத்தாறாச்சே" என்று அன்றுதான் சிரித்தாள்.

அவள்தான் உங்கள் அம்மா. இன்றும் கல்யாண வீட்டில் யாராவது எத்தனை குழந்தைகள் என்று விசாரித்தால், நான் வாய் திறப்பதற்குள் முந்திக்கொள்கிறாள்: "எனக்கு ரெண்டு. அவுகளுக்கு ஐநூத்துப் பன்னெண்டு."