லஸ்கர் சொன்ன கசான்

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கே பேர். நான், என் மனைவி செல்வி, துபாயில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய பக்கத்து வீட்டு ஜமால் பாய், அப்புறம் லஸ்கர். இதில் வெளிநாட்டைப் பற்றிப் பேசத் தகுதி உள்ளவர் ஜமால் பாய் மட்டும்தான். பேசியதெல்லாம் லஸ்கர்.

வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடுகிற ஊழியருக்கு எங்கள் பேராவூரணிப் பக்கம் லஸ்கர் என்று பெயர். ரிட்டயர் ஆன பிறகும் இவருக்கு வேறு பெயர் வரவில்லை. திருச்சியைத் தாண்டாத இந்த மனிதர் அளவுக்கு ரஷ்யாவின் கசான் நகரத்தை அறிந்தவர் அந்தக் கசானிலேயே கிடையாது என்பது என் முடிவு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அங்கே டாக்டருக்குப் படிக்கிறார்கள். யார் லீவுக்கு வந்தாலும், பெட்டியை இறக்குவதற்குள் லஸ்கர் வந்து நிற்பார். "படிப்பு கெடக்கட்டும். அந்த ஊர்ல தண்ணி எங்கேருந்து வருது, எங்க போய் விழுது? மொதல்ல அதைச் சொல்லு."

என் மகளும் அங்கேதான் படித்தாள். பட்டம் வாங்கப் போகிறாள். அவள் பெயரைக் கூப்பிடும்போது நான் பட்டமளிப்பு மண்டபத்துக்குள் இருந்தாக வேண்டும். நானோ எட்டாவதோடு நின்று மோட்டார் பம்பு ரிப்பேருக்குப் போனவன். பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாலே டிக்கெட்டை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிற ஆள்.

"எழுதிக்க தம்பி," என்றார் லஸ்கர். "பூ குடுத்தா ஒத்தப்படையில குடு. ரெட்டைப்படை அங்க சாவுக்கு."

"நம்ம மொய் மாதிரியாண்ணே?" என்றாள் செல்வி.

"அதேதாம்மா. நிலைப்படிக்கு மேல கை நீட்டிக் குலுக்கக் கூடாது. வீட்டுக்குள்ள செருப்பு ஆகாது. சக்-சக்னு ஒரு பலகாரம் குடுப்பாங்க. நம்ம மனோகரத்துக்குப் பங்காளி, தைரியமா சாப்பிடு. தெரியாதவங்களைப் பாத்து சிரிக்கிற பழக்கம் அங்க இல்ல. கோவமா இருக்காங்கன்னு நெனச்சுக்காதே."

ஜமால் பாய்க்குப் பொறுக்கவில்லை. "நீங்க எப்பங்க அங்க போனீங்க?"

"நான் எதுக்குப் போகணும் பாய்? பன்னண்டு வருஷம் துபாய்ல இருந்தீங்களே, அங்க ஊருக்குள்ள நுழையுதே கடல், அது எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வத்தும்? சொல்லுங்க பாப்போம்."

பாய் டீயைக் குடித்தார்.

"கடைசியா ஒண்ணு. வழி தப்பிட்டா வாய்க்காலைப் புடி. ஊர் நடுவுல புலாக்னு ஒரு வாய்க்கால். ஏரியில பொறந்து, கோட்டையடியில போய் ஆத்துல விழுது. தண்ணி போற பக்கம் நட."

ஒருவழியாகக் கசான் வந்து சேர்ந்தேன். பட்டமளிப்பு கோட்டைக்குக் கீழே ஒரு மண்டபத்தில், பதினோரு மணிக்கு. மகள் பஸ் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு முன்னாலேயே போய்விட்டாள். பஸ்ஸில் கண்டக்டர் அம்மா என் முன்னால் வந்து, துளி சிரிப்பில்லாமல், இரண்டு வார்த்தை சொன்னார். இறங்கச் சொல்கிறார் என்று இறங்கிவிட்டேன். டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறார் என்பது பஸ் போன பிறகுதான் உறைத்தது. மணி பத்தரை. மகளின் போன் அணைந்திருந்தது. என் போனில் சார்ஜ் நாலு சதவீதம்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால்! ஓடிப்போய் ஒரு இலையைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டேன். போட்ட இடத்திலேயே கிடந்தது. லஸ்கரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, தண்ணி ஓடலண்ணே!"

"அழுவாதே. கீழ மதகை எறக்கியிருப்பான். பாலம் ஏதாவது தெரியுதா?"

"தெரியுது."

"பாலத்துக் காலுல குப்பை எந்தப் பக்கம் அண்டிக் கெடக்கு?"

எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் பாசி, ஒரு பிளாஸ்டிக் பாட்டில். "சோத்தாங்கைப் பக்கம். ஐயோ, விழுந்துருவேன் போலிருக்கண்ணே!"

"புடிச்சுக்க! குப்பை அண்டுறது மேல்பக்கம். அப்ப நீ பீச்சாங்கைப் பக்கமா..."

போன் செத்தது.

இடது பக்கமாக ஓட்டமும் நடையுமாகப் போனேன். வாய்க்கால் முடிகிற இடத்தில் நிமிர்ந்தால், மேட்டின்மேல் வெள்ளை மதில். அதற்குள்ளிருந்து நீலக் கூம்புகளோடு ஒரு மசூதி எழும்பியிருந்தது. சற்றுத் தள்ளி நீலமும் தங்கமுமாகக் கும்மட்டம் வைத்த சர்ச். கீழே, இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரைக்குக் கேட்காத அகலத்துக்கு ஆறு. பேராவூரணியில் உட்கார்ந்தபடி லஸ்கரே சொல்லிச் சொல்லிக் கட்டியெழுப்பிய ஊரோ என்று இருந்தது.

மண்டபத்துக்குள் நுழைந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே, என் மகள் பெயரை அவர்கள் வாய்க்கு வந்தபடி இழுத்துக் கூப்பிட்டார்கள். அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று கைதட்டியவன் நான் ஒருவன்தான்.

எல்லாம் முடிந்து மகளின் போனில் வீட்டுக்குப் பேசினேன். அங்கே சாயங்காலம் நாலு மணி.

"ஏங்க, தண்ணியில விழல இல்ல?" என்றாள் செல்வி. "மதியம் ஒரு மணிக்கு இந்த அண்ணன் தலைதெறிக்க ஓடி வந்தாங்க. அப்பலேருந்து வாசல்லயே நிக்கிறாங்க. சாப்பிடக் கூப்பிட்டா உள்ள வர மாட்டேங்கிறாங்க."

போன் கைமாறியது.

"பொண்ணு பேரைக் கூப்பிட்டப்ப உள்ள இருந்தியா?"

"இருந்தேண்ணே."

லஸ்கர் அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது கேட்டது.

"செல்வி, இப்ப சோத்தைப் போடும்மா."